முதல் செமஸ்டரைத் தாண்ட வேண்டும்

அருப்புக்கோட்டையில் பிஎஸ்சி வேதியியல் நடத்தும் எனக்குப் புதிய வகுப்பு வந்ததும் முதல் வேலை, பிள்ளைகளின் ஊரைக் கேட்டுக்கொள்வது. நரிக்குடி, பந்தல்குடி, எம். ரெட்டியபட்டி, திருச்சுழியைச் சுற்றிய மானாவாரிக் கிராமங்கள். பெரும்பாலோர் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் இவர்கள்தான். இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது, படிப்பு ஏறாமல் நின்றவர்கள் குறைவு. பஸ், சான்றிதழ், பயம் என்று ஏதோ ஒன்றில் முதல் செமஸ்டரிலேயே நழுவிப்போனவர்கள்தான் அதிகம். அந்த ஆறு மாதம் கூடவே நின்றால் பிறகு அவர்களே நடந்துவிடுவார்கள்.

லேப் மதியத்தில் இருந்தால் கிராமத்துப் பிள்ளையின் கண் ப்யூரெட்டில் இருக்காது, கடிகாரத்தில்தான் இருக்கும். கடைசி டவுன்பஸ்ஸை விட்டால் வீடு போக வழியில்லை. அதனால் தொலைவிலிருந்து வருபவர்களைக் காலை பேட்ச்சில் போடுகிறோம். ஒரே பஸ்ஸில் வருபவர்களை ஒரே பேட்ச்சில் சேர்த்துவிட்டால் பாடமும் பஸ்ஸிலேயே பாதி முடிந்துவிடும்.

தமிழ்வழியில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளை முதல் வைவாவில் வாய் திறக்காது. தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். செய்ததைத் தெளிவாகச் சொல்லிவிட்டால், ரெக்கார்டு நோட்டில் ஆங்கிலம் பின்னாலேயே வந்துவிடும்.

எனக்குக் கைகொடுத்தது தண்ணீர். கடினத்தன்மை சோதனைக்கு லேப் தண்ணீர் வேண்டாம், அவரவர் ஊர்த் தண்ணீரை ஒரு பாட்டில் கொண்டு வாருங்கள் என்பேன். திருச்சுழிப் பக்கத்து மாணவி ஒருத்தி போர்த் தண்ணீர் கொண்டுவந்தாள். 20 மில்லி எடுத்து, அம்மோனியா பஃபர் விட்டு, எரியோகுரோம் பிளாக் டி போட்டதும் ஒயின் சிவப்பு. இடிடிஏவைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து மேசைகளில் எல்லாம் நீலம் வந்துவிட்டது. இவளுடையது மட்டும் சிவப்பிலேயே நின்றது. ஒருவழியாக ஊதா தட்டி நீலமானபோது ரீடிங்கைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், எங்க வீட்ல பருப்பு வேக மாட்டேங்குதே, இதனாலதானா?"

அதனாலும்தான் என்றேன். கால்சியம் கூடின தண்ணீரில் பருப்பு சீக்கிரம் மலராது, சோப்பும் நுரைக்காது. மறுவாரம் அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வடிகட்டி அவளாகவே சோதித்தாள். ரீடிங் குறைந்தது. தற்காலிகக் கடினத்தன்மை எது, நிரந்தரக் கடினத்தன்மை எது என்று நான் போர்டில் எழுத வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் பின்பெஞ்சிலேயே இருந்தவள் அன்றிலிருந்து கேள்வி கேட்பவளாகிவிட்டாள். இந்த மண்ணைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்த பிள்ளைகள் இவர்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குவதுதான் முறை.

பணம், சான்றிதழ் விஷயத்தில் பொதுவாக அறிவித்துவிட்டு விடக்கூடாது. துறையில் ஓர் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் தாளையும் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். எஸ்சி சான்றிதழ் தாசில்தார் தருவார். பழங்குடி என்றால் கோட்டாட்சியர்தான். காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, அப்பாவிடம் சான்றிதழ் இல்லை என்றால் விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும். ப்ளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ரத்த உறவில் யாருக்காவது சான்றிதழ் இருந்தால் நகலை இணைக்கச் சொல்லுங்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்திருந்தால் மாதம் 1,000 ரூபாய் உண்டு: பெண்களுக்கு 2022இல் வந்த புதுமைப் பெண், பையன்களுக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன். எதற்கும் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பணம் வராமல் போவது பெரும்பாலும் அங்கேதான்.

மாசி, பங்குனியில் வருகைப் பதிவேடு இளைத்துவிடும். மிளகாய்ப் பழம் பறிப்பு. ஒருமுறை நான்கு நாள் வராத மாணவனின் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"ஆள் கூலி கட்டுபடியாகல சார், அதான் புள்ளைய நிப்பாட்டுனேன்," என்றார் அம்மா.

"படிப்ப நிப்பாட்டலயேம்மா?"

"அய்யோ, இல்ல சார். இந்தப் பறிப்பு முடியட்டும், அனுப்பி வச்சிர்றேன்."

அந்தப் பறிப்பு முடியும் வாரத்தில்தான் பிராக்டிகல் தேர்வு என்பது அவருக்குத் தெரியாது. சொன்னதும் மறுநாளே அனுப்பிவைத்தார். இப்போதெல்லாம் தை மாதமே தேர்வுத் தேதிகளைத் தமிழில் அச்சடித்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்புகிறோம். பறிப்பு நாளை அவர்களே முன்னே பின்னே மாற்றி வைத்துக்கொள்கிறார்கள்.