தலையில் கட்டியா? கலங்காதீர், கண்டறிவீர்!



நேற்றுவரை களையெடுத்த மனைவி திடீரென வலிப்பு கண்டு விழுகிறாள். "காத்துக் கருப்பு" என்கிறார் ஒருவர். "இரும்பைக் கையில கொடு" என்கிறார் இன்னொருவர். ஸ்கேனில் 'மூளையில் கட்டி' என்று வந்துவிட்டாலோ, "இனி எங்க பொழைக்கப் போறா, தாய்வீட்டுக்கு அனுப்பிடு" என்று பேச்சு வருகிறது. அவசரப்படாதீர்கள்!

கட்டியெல்லாம் புற்றல்ல

நம் நாட்டில் வலிப்போடு காணும் சிறு கட்டி பல நேரம் நாடாப்புழு முட்டையால் வருவது. அல்லது காசநோய்க் கட்டி. பெரும்பாலும் இவை மருந்திலேயே ஆறிவிடும். 1993-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இவ்விரண்டையும் பிரித்தறிய வழி கண்டு வெளியிட்டார்கள். ஒரே கட்டி, 20 மில்லிமீட்டருக்குள், மூளையில் அழுத்தமும் இல்லை, கைகால் பலவீனம் கூடவும் இல்லை என்றால், அது புழுக்கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எம்.ஆர்.ஐ. எப்படிப் பிரிக்கிறது?

இது காந்தத்தால் எடுக்கும் படம். எக்ஸ்ரே கதிர் கிடையாது.

1. நீர் அசைவு: சீழ்க்கட்டிக்குள் நீர் எளிதில் அசையாது.
2. இரத்த ஓட்டம்: வேகமாக வளரும் புற்றில் மிகுந்திருக்கும்.
3. இரசாயனம்: புற்றில் 'கோலின்' மிகும், காசநோய்க் கட்டியில் கொழுப்பு மிகும்.

அப்படியும் சந்தேகமிருந்தால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள்.

"தாலியைக் கழட்டலாமா?"

நகை, மெட்டி, அரைஞாண், கொண்டை ஊசி எதுவும் உள்ளே ஆகாது. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துக் கணவரே கட்டிவிடலாம், குறையொன்றுமில்லை. காப்பர்-டி வைத்திருந்தாலும், நாள் தள்ளிப்போயிருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

தம்பதியர் கவனிக்க

* சில வலிப்பு மாத்திரைகள் கருவைப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.
* விடியற்காலைத் தலைவலியும் வாந்தியும், பார்வை மங்கல், ஒருபக்கம் பலவீனம் கண்டால் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தால் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகத் தயங்காதீர்கள்.
* புழு முட்டை மனித மலத்தின் வழியே பரவும். கறி தொடாதவருக்கும் வரும். கழிப்பறையையே பயன்படுத்துங்கள். சோப்பால் கை கழுவுங்கள். பச்சைக் காய்களைக் கழுவித் தின்னுங்கள்.

வலிப்பு கணவனுக்கு வந்தாலும் இதே முறைதான்.

கட்டிக்குப் பயந்து கட்டியவளைக் கைவிடாதீர்!