சாக்கெட் செட் வாங்குதல்: உயர்ந்த ரகமா, சாதாரண ரகமா?

ஏரும் எருதும் செய்துவந்த வேலையைக் காவிரிப் பாசனப் பகுதியில் இன்று பெரும்பாலும் யந்திரங்களே செய்கின்றன. 1960-61ஆம் ஆண்டில் பழைய தஞ்சை ஜில்லாவில் தீவிர விவசாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபொழுது நல்ல விதை, உரம், கடன் வசதி ஆகியவையே முக்கியமாகப் பேசப்பட்டன. 1997ஆம் ஆண்டில் தனி மாவட்டமான திருவாரூரிலோ, இன்று டிராக்டர், பவர் டில்லர், எண்ணெய் எஞ்சின் ஆகியவற்றை அறியாத குடியானவர் இல்லை. ஆயினும், அவற்றைக் கழற்றிப் பூட்டுவதற்குத் தக்க கருவிகள் பல வீடுகளில் இல்லை.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படுகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் குறுவைக்கு உழவும் நடவும் சில நாட்களுக்குள் முடிதல் வேண்டும். அச்சமயம் ஒரு நட்டின் முனை மழுங்கி, யந்திரம் சேற்றிலேயே நின்றுவிட்டால், மெக்கானிக் வரும்வரை ஆட்கூலியும் வீண், நாளும் வீண். நாற்றின் வயது நமக்காகக் காத்திராது. ஆகையால் எவ்வகைக் கருவியை வாங்குவது என்பது சிறு விஷயமன்று.

சாக்கெட் செட் என்பது யாது?

நட்டையோ போல்ட்டின் தலையையோ சுற்றிலும் கவ்விக்கொள்ளும் குழல் போன்ற எஃகுத் துண்டே சாக்கெட். அதனை எடுத்து எடுத்து மாட்டாமல் முன்னும் பின்னும் அசைத்தே திருப்ப உதவும் பல்சக்கரக் கைப்பிடி ராட்செட் எனப்படும். கைப்பிடி பொருந்தும் சதுரம் அரை அங்குலமாயிருப்பின் பண்ணை வேலையில் பெரும்பகுதிக்குப் போதும்.

இரு ரகங்களுக்கும் உள்ள வேறுபாடு

உலோகம்: நல்ல சாக்கெட்டுகள் குரோம் வனேடியம் கலந்த எஃகில் செய்து, பதப்படுத்தப்படுகின்றன. இவ்வெஃகு உயர்ந்த ரகத்திற்கு மட்டும் உரியதன்று. நம்பிக்கையான கம்பெனியின் சாதாரண ரகத்திலும் உண்டு. மட்டமான சரக்கிலோ பதம் சரியாயிராது. பலமாகத் திருப்பினால் வாய் விரிந்துவிடும், அல்லது வெடித்துவிடும்.

வாய்: ஆறு முனை கொண்ட சாக்கெட் நட்டின் பக்கங்களை நன்கு பற்றும். பன்னிரண்டு முனை கொண்டது 30 டிகிரிக்கு ஒருமுறை பொருந்துமாதலால் இடுக்கில் மாட்டுவதற்கு எளிது. ஆனால் துருப்பிடித்த நட்டின் முனையை மழுக்கிவிடக்கூடும். சேற்றிலும் நீரிலும் உழைக்கும் நம் யந்திரங்களுக்கு ஆறு முனையே ஏற்றது.

ராட்செட்: விலையின் வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் தெரியும். 24 பற்கள் உள்ள ராட்செட்டில் அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடியை 15 டிகிரி அசைத்தல் வேண்டும். 72 பற்கள் உள்ளதில் 5 டிகிரியே போதும். கை நுழையாத இடுக்குகளில் நாள்தோறும் வேலை செய்யும் மெக்கானிக்குக்கு இது பெரும் வசதி. வருடத்தில் நாலைந்து முறை கருவியைத் தொடுகிறவருக்கு அதற்கென அதிக விலை கொடுப்பது அவசியமில்லை.

உத்தரவாதம்: உயர்ந்த ரகங்களுக்கு நீண்டகால உத்தரவாதம் தருவதுண்டு. உடைந்த சாக்கெட்டுக்கு அது பயன்படும். சேற்றில் விழுந்து தொலைந்த சாக்கெட்டுக்குப் பயன்படாது. எனவே உதிரியாகவும் சாக்கெட் கிடைக்கும் கம்பெனியின் செட்டை வாங்குவதே விவேகம்.

எண்ணிக்கையைவிட அளவு முக்கியம்

பெட்டியில் எத்தனை துண்டுகள் உள்ளன என்பதைவிட, நம் யந்திரத்துக்கு வேண்டிய அளவுகள் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். 10 மி.மீ. கனமுள்ள போல்ட்டுக்கு நம் நாட்டில் முன்பு 17 மி.மீ. தலை வழக்கம், புதிய முறையில் 16 மி.மீ.; ஜப்பானிய வழி வந்த யந்திரங்களில் 14 மி.மீ. பழைய மாஸி பெர்குஸன் டிராக்டர்களிலோ அங்குல அளவுகளும் உண்டு. முக்கால் அங்குலத் தலைக்கு 19 மி.மீ. சாக்கெட் பொருந்தும், ஏனெனில் முக்கால் அங்குலம் 19.05 மி.மீ. ஆகும். ஆனால் பதினாறில் பதினோரு பங்கு அங்குலம் 17.46 மி.மீ. ஆதலால், 17 நுழையாது. 18 தளர்ந்து முனையை மழுக்கும். யந்திரத்திலுள்ள போல்ட்டுகளை அளந்து, ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வது நலம்.

உபயோகிக்கும் முறை

25 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 20 கிலோ விசை கொடுத்தால் முறுக்கு 5 கிலோகிராம்-மீட்டர். அக்கைப்பிடியில் குழாயை மாட்டி ஒரு மீட்டர் நீளமாக்கினால், அதே விசையில் முறுக்கு நான்கு மடங்காகிறது. எவ்வளவு விலையுயர்ந்த ராட்செட்டாயினும் இவ்வழக்கத்தால் பற்கள் நொறுங்கும். இறுகிய நட்டைப் பல்சக்கரமில்லாத நீண்ட கைப்பிடியால் முதலில் தளர்த்தி, பின்னரே ராட்செட்டை மாட்டுதல் வேண்டும். துருவேறிய நட்டில் எண்ணெயிட்டுச் சற்று நேரம் ஊறவிடுக. வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, ஈரம் துடைத்து, எண்ணெய் தடவி வைக்க வேண்டும். முத்துப்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றினால் துரு விரைவில் ஏறுமாதலால் இதில் அதிகக் கவனம் தேவை.

யாருக்கு எது?

பட்டறை வைத்திருப்போரும், வாடகைக்கு யந்திரம் ஓட்டுவோரும் உயர்ந்த ரகத்தை வாங்கலாம். நாள்தோறும் உழைத்து அது தன் விலையை ஈட்டிவிடும். சொந்த யந்திரத்தை மட்டும் கவனிக்கும் குடியானவருக்கு நல்ல கம்பெனியின் சாதாரண ரகம், ஆறு முனை, வேண்டிய எட்டுப் பத்து அளவுகள் போதும். கம்பெனிப் பெயரும் அளவும் பொறிக்கப்படாத மலிவுச் சரக்கு எவருக்கும் வேண்டாம். அதில் மிச்சமாகும் தொகை, ஒரு நட்டு மழுங்கும் நாளிலேயே போய்விடும். ஜலந்தர் போன்ற நம் நாட்டு நகரங்களிலேயே தரமான கைக்கருவிகள் செய்யப்படுகின்றன. நல்ல கருவிக்கு வெளிநாட்டுப் பெயர் அவசியமில்லை.

2017-18ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தின்கீழ் உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் பொதுவில் யந்திரங்களை வாங்கின. பொது யந்திரம் உள்ள இடத்தில் பொதுக் கருவிப் பெட்டியும் இருத்தல் முறை. பலர் கையாளும் அப்பெட்டிக்கு உயர்ந்த ரகமே தகும். ஒருவரைப் பொறுப்பாளராக்கி, எடுப்பதையும் திருப்புவதையும் நோட்டில் பதிந்துவர வேண்டும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இக்குழுக்களைக் கூட்டி, குறுவைக்கு ஒரு மாதம் முன்னதாகவே பெட்டியைத் திறந்து, எந்த அளவு குறைகிறது என்று சரிபார்க்கச் செய்வார்களாக. தண்ணீர் வந்த பின் தேடும் சாக்கெட்டைவிட, வருமுன் வாங்கி வைத்த சாக்கெட்டே பயிரைக் காக்கும்.