பாக்கெட் தண்ணீர்

கொளத்தூரில் வாங்கிய எட்டு விடோ டெட்ரா, ராத்திரி பஸ்ஸில் என் மடியிலேயே தஞ்சாவூர் வந்து சேர்ந்தன. வீட்டில் இருந்தது நாலு வருஷத்துத் தொட்டி. "அப்படியே விட்டுடுங்க சார், ஒண்ணும் ஆவாது" என்றிருந்தார் கடைக்காரர். விட்டேன், பாக்கெட் தண்ணீரோடு.

ஐந்தாம் நாள் பழைய கௌராமிகளில் ஒன்றின் வாலில் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். கூழாங்கல்லில் உடம்பை உரசிக்கொண்டே திரிந்தது. சில நாளில் புள்ளி உதிர்ந்ததும் தேறிவிட்டது என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஓர் ஒட்டுண்ணி. அது முற்றியதும் மீனைவிட்டு இறங்கி, அடியில் ஒட்டிக்கொண்டு, ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரிந்து மறுபடி மீனைத் தேடி வரும். அப்படி நீந்தி வரும்போதுதான் மருந்து அதைக் கொல்லும். புள்ளி போனதென்று மருந்தை நிறுத்தினேன். கௌராமி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதன்பிறகு எந்த மீன் வந்தாலும் மூன்று வாரம் தனி டப்தான். டப்புக்கென்றே ஒரு ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியின் ஃபில்டரில் போட்டு வைத்திருக்கிறேன். மீன் கழிவில் வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. டப்பில் ஊற்றும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும்.

பாக்கெட் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. எட்டு மணி நேரம் கட்டிக் கிடந்த பையில், மீன் விட்ட கரியமில வாயு தண்ணீரைப் புளிக்கவைத்து, அமோனியாவின் விஷத்தை அமுக்கி வைத்திருக்கும். பையைத் திறந்தால் வாயு வெளியேறும். அதே அமோனியா மீனைக் கொல்லும். அதனால் கட்டோடு இருபது நிமிஷம் மிதக்கவிட்டு, அவிழ்த்ததும் தாமதிக்காமல் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் செடிக்கு. உள்ளூர்க் கடையில் அரை மணிக்குள் கொண்டுவந்த மீனுக்கு இந்த அவசரம் வேண்டாம். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் ஊற்றிப் பழக்கலாம்.

மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததும் அக்கா மகன் சொம்பு நிறையக் கெண்டைக் குஞ்சோடு வந்து நின்றான். "தொட்டியில விடலாமா மாமா?" ஆற்று மீன் சுத்தம் என்று நமக்கொரு நினைப்பு. ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தேன். செவுளோரம் உளுத்தம்பொட்டு மாதிரி தட்டையாக ஒரு மீன்பேன்.

குஞ்சுகள் டப்பில் இருக்கின்றன. இன்றைக்குப் பதினோராவது நாள். தினமும் சாயங்காலம் வந்து, இன்னும் எத்தனை நாள் மாமா என்கிறான். பத்து.