உறைக்குள் ஒரு வெள்ளி

அன்புள்ள தங்கைக்கு,

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் இருட்டோடு எழுந்து மரம் சீவிய உன் பாட்டி, பிஸ்கட் டின்னுக்குள் துணி சுற்றிக் காத்துவந்த 1920-ஆம் ஆண்டு வெள்ளியையும், 1943-ஆம் ஆண்டின் சதுரக் காசையும் தரநிர்ணயத்துக்கு அனுப்பி, அவை ஸ்லாப் எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் அடைபட்டுத் திரும்பியபின் நீ எடுத்தனுப்பிய படங்களைக் கண்டேன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் உன் அறையின் குழல்விளக்கே தெரிகிறது. உறையைக் குறை கூறி எழுதியிருக்கிறாய். ஆனால் குறை உறையில் இல்லை, நீ விளக்கை வைத்த இடத்தில் இருக்கிறது.

ஒளி எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ அதே கோணத்தில் மறுபுறம் திரும்பும் என்று பள்ளியில் படித்திருப்பாய். இந்தக் கலை முழுவதும் அந்த ஒரே விதியின் விஸ்தாரம்தான். காமிராவைத் தாங்கியில் கீழ்நோக்கிப் பொருத்தி, காசு வைக்கும் இடத்தில் முதலில் ஒரு சிறு முகக்கண்ணாடியை வைத்து, லென்சின் பிரதிபிம்பம் திரையின் நட்டநடுவில் விழும்வரை சரிசெய்துகொள். அப்பொழுதுதான் காமிராவும் காசும் ஒன்றுக்கொன்று இணையான தளங்களில் நிற்கும். பிறகு இரண்டு சிறு விளக்குகளைக் கடிகாரத்தின் பத்து மணி, இரண்டு மணித் திசைகளில் உயர்த்தி வைத்து, உறையின்மேல் தெரியும் வெண்புள்ளி காசைக் கடந்து வெளியேறும்வரை அவற்றை மெல்ல மெல்ல நகர்த்து. 100 மில்லிமீட்டர் மாக்ரோ லென்சை நான் விரும்புவது, அது காசிலிருந்து விலகி நின்று விளக்குகளுக்கு வழிவிடுகிறது என்பதனாலேயே. கூரை விளக்கை அணைத்துவிடு. லென்ஸ் நுழையுமளவு துளையிட்ட கறுப்பு அட்டையை அதன்மேல் மாட்டினால் காமிராவின் உருவமும் உறையில் விழாது.

விளக்கை மிகவும் தாழ்த்திவிட்டால் பிளாஸ்டிக்கில் உள்ள ஒவ்வொரு கீறலும் தூசியும் விழித்தெழும். பார்ப்பவர் அவற்றைக் காசின் காயங்களென்றே எண்ணுவார். ஒளியின் அதிர்வுத் திசையை வடிகட்டும் போலரைசரை விளக்கிலும் லென்சிலும் எதிரெதிராகப் பூட்டினால் பளபளப்பு அறவே நீங்கும் என்பது மெய். ஆனால் உறையின் பளபளப்போடு உலோகத்தின் ஜீவகாந்தியும் நீங்கிப்போய், பாதி வெள்ளி கலந்த அந்த 1920-ஆம் ஆண்டு நாணயம் ஈயத்தகடு போல இருண்டு கிடக்கும். சதுரக் காசோ வெண்கலம். வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு இங்கே புழங்கிய காலத்தின் ஆண்டைத் தாங்கியது. அதன் மதிப்பு அதில் எஞ்சியிருக்கும் செந்நிறத்தைப் பொறுத்தது. ஆகையால் சாம்பல்நிற அட்டையொன்றை முதலில் படமெடுத்து, வண்ணத்தை அதைக்கொண்டு நிர்ணயிக்காமல் அந்தக் காசைத் தொடாதே.

இனி நான் சொல்லப்போவது உபகரணங்களைப் பற்றியதன்று. பல ஆண்டுகளுக்கு முன், நண்பர் ஒருவர் விற்கவிருந்த 1904-ஆம் ஆண்டு எட்வர்ட் மன்னர் வெள்ளியைப் படமெடுத்தபோது, விளக்குகளின் முன் மெல்லிய தாளைத் தொங்கவிட்டேன். ஒளி பால்போல் பரவிற்று. மன்னரின் கன்னத்தில் ஓடிய நுண்ணிய கீறல் படத்தில் மறைந்தே போயிற்று. அதை நான் கவனித்தேன். கவனித்தும், படம் அழகாக வாய்த்துவிட்ட மகிழ்ச்சியில் வாளாவிருந்தேன். பினாங்கிலிருந்து வாங்கியவர் காசைக் கையில் பெற்ற அன்றே திருப்பியனுப்பினார். நண்பர் பணத்தைத் தந்துவிட்டார். ஆனால் அவர் சொல்லின்மேல் மற்றச் சேகரிப்பாளர்களுக்கு இருந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற அவருக்கு நெடுங்காலம் பிடித்தது. நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே பெயர் வாய்த்திருப்பதன் கனத்தை நான் அன்றுதான் உணர்ந்தேன். பிளாஸ்டிக்கின் கீறலை மறைப்பது உன் கடமை. காசின் கீறலை மறைப்பது வஞ்சனை. இரண்டையும் செய்வது அதே விளக்குதான் என்பதை மறவாதே.

இன்னொன்றும் உண்டு. நம் பணத்தின் பெயரான ரிங்கிட் என்ற மலாய்ச் சொல் பற்கள் வெட்டிய விளிம்பைக் குறிப்பது; பண்டை வெள்ளி நாணயங்களின் விளிம்பிலிருந்தே அப்பெயர் பிறந்தது. நாமோ இன்று தாளில் அச்சிட்டதையும் வெள்ளி என்றே அழைக்கிறோம். நாம் வாழும் பேராக்கின் பெயருக்கும் வெள்ளி என்றே பொருள். பெயரை ஈந்த அந்த விளிம்பைத்தான் உறைகள் பெரும்பாலும் தம் பிடிக்குள் மறைத்துவிடுகின்றன. ஆதலால் டின்னில் எஞ்சியுள்ள காசுகளை அனுப்புமுன் ஒவ்வொன்றின் விளிம்பையும் தனியே படமெடுத்து வை. அழுக்கென்று கருதி எதையும் தேய்த்துவிடாதே.

உன் பாட்டியின் வெள்ளியை மீண்டும் படமெடுத்து அனுப்பு. மன்னரின் தாடிக்குமேல் ஒரு சிறு தழும்பு இருப்பதாக நீ எழுதியிருந்தாய். அது அந்தப் படத்தில் தெரிய வேண்டும்.

ஈப்போவிலிருந்து,
உன் அண்ணன்