நகரும் கொக்கியா, நிலையான கொக்கியா?

கேள்வி: ராமேஸ்வரத்தில் கைட் சர்ஃபிங் கற்கிறேன். இடுப்புப் பட்டைக்கு எந்தக் கொக்கி நல்லது?
– வாசகர், குளத்தூர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: இப்போதைக்கு நிலையானதையே வாங்குங்கள். கொக்கி எப்போதும் வயிற்றுக்கு நேரே நிற்கும். பட்டத்தை இணைக்கும் வளையம் கழன்றால் அதைக் குனிந்து பார்க்காமலே மாட்டலாம். குதித்துப் பழகவும் அதுதான் தோது.

நகரும் வகையில், பட்டம் இழுக்கும் பக்கமெல்லாம் கொக்கி ஒரு கயிற்றில் ஓடும். அலைமேல் திரும்பும்போது பட்டை முறுக்கி விலாவில் ஏறாது. ஆனால் தனுஷ்கோடி மணல்திட்டின் காற்று மறைவில் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். அங்கே அதற்கு என்ன வேலை? இலங்கைக் கல்பிட்டியில் அலையேறப் போகும்போது யோசியுங்கள். அந்தக் கயிறு உப்பிலும் மணலிலும் நையும். இறங்குமுன் விரலால் தடவி, பிசிறு தட்டினால் மாற்றிவிட வேண்டும். பட்டை வாங்கும்போதே, அதில் கொக்கி உள்ள கம்பியை மட்டும் பின்னால் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.