பிறப்பை விசுவாசிக்கிறோம், பண்டிகையை விட்டோம்

நாங்கள் கிறிஸ்மஸ் கொண்டாடுவதில்லை. இயேசு கிறிஸ்து கன்னியின் வயிற்றில் மனுஷனாய்ப் பிறந்தார் என்பதை முழு மனதோடு விசுவாசிக்கிற குடும்பம் எங்களுடையது. அந்த விசுவாசம் குறைந்து பண்டிகையை விடவில்லை. அந்தப் பிறப்பைப் பற்றி வேதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று உட்கார்ந்து படித்த பிறகு விட்டோம். இதே முடிவை யோசிக்கிறவர்கள், பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமானவர்கள், என்னிடமும் என் கணவரிடமும் வந்து பேசுவதுண்டு. அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில். அந்த வட்டாரத்தின் கிறிஸ்மஸ் எப்படியிருக்கும் என்று அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்கிற வாசனை தெரு முழுக்க இருக்கும். ராத்திரியில் கேரல் ரவுண்ட்ஸ் வரும். சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். விடியற்காலை ஆராதனையில் புதுத்துணி சரசரக்கும். வருஷமெல்லாம் பார்க்காத முகங்களை அந்த ஒரே நாளில் பார்த்துவிடலாம். எனக்கு அந்தப் பண்டிகை மிகவும் பிடித்திருந்தது. அதனால், விடுவது லேசான காரியம் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஏன் விடுகிறீர்கள் என்பதைத்தான். பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுவார்கள். டிசம்பர் 25 நிம்ரோதின் பிறந்தநாள், எரேமியா பத்தாம் அதிகாரம் கிறிஸ்மஸ் மரத்தைக் கண்டிக்கிறது, இப்படி. இவற்றின்மேல் உங்கள் முடிவைக் கட்டாதீர்கள். நிம்ரோத் கதை பரவியதற்கு முக்கியக் காரணம், ஸ்காட்லாந்துப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லாப் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘இரண்டு பாபிலோன்கள்’ என்ற புத்தகம். அதற்குச் சரித்திர ஆதாரம் கிடையாது. எரேமியா பேசுவது, காட்டு மரத்தை வெட்டி, செதுக்கி, வெள்ளியாலும் பொன்னாலும் மூடிச் செய்கிற விக்கிரகத்தைப் பற்றி. கிறிஸ்மஸ் மரமோ ஜெர்மன் பேசும் நாடுகளிலிருந்து எத்தனையோ நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்தது.

ரோமச் சூரியக் கடவுளின் விழா என்ற வாதத்தில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அவுரேலியன் பேரரசன் கி.பி. 274இல் ரோமில் சூரியனுக்குக் கோயில் கட்டினான். 354ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோம நாட்காட்டித் தொகுப்பு ஒன்றில் டிசம்பர் 25க்கு நேரே அந்த வெல்லமுடியாத சூரியனின் விழா குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கிறிஸ்து அந்த நாளில் பிறந்தார் என்ற மிகப் பழைய குறிப்பும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. எது முந்தியது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கர்த்தர் கர்ப்பத்தில் உருவானது மார்ச் 25 என்று ஆதிச் சபையார் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணி டிசம்பர் 25க்கு வந்தார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. உங்கள் சித்தப்பா மகன் கல்லூரியில் சரித்திரம் படித்திருந்தால் பத்து நிமிஷத்தில் உங்கள் நிம்ரோதைக் கீழே தள்ளிவிடுவான். அதோடு உங்கள் முடிவும் விழுந்துவிடக் கூடாது.

எங்கள் காரணம் இதைவிட எளிமையானது. மாற்கும் யோவானும் பிறப்பின் கதையைச் சொல்லவே இல்லை. மத்தேயுவும் லூக்காவும் சொல்கிறார்கள், தேதி சொல்லவில்லை. அப்போஸ்தலர்கள் யாரும் அந்த நாளை ஆசரித்ததாக ஒரு வரி இல்லை. தம்மை நினைவுகூரும்படி கர்த்தர் தம் வாயால் சொன்னது அப்பத்தையும் பாத்திரத்தையும் பற்றி மட்டுமே. அதுவும் அவருடைய மரணத்தை அறிவிப்பதற்காக. பவுல் அதை 1 கொரிந்தியர் 11இல் எடுத்து எழுதுகிறார். தேவன் தம்மை எப்படி ஆராதிக்க வேண்டும் என்று தாமே சொல்லியிருக்கும்போது, அவர் கேட்காத ஒன்றைச் சேர்த்து, வருஷத்தின் பெரிய நாளாக அதை வைக்கிற அதிகாரம் நமக்கு இல்லை என்பது எங்கள் புரிதல். உபாகமம் 12ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இன்று நாங்கள் ஞாயிறுதோறும் அப்பம் பிட்கிற ஒரு சிறு சபையில் இருக்கிறோம். வருஷம் ஒருமுறை என் வீட்டில் இருந்த பெரிய நாள் இப்போது வாரத்துக்கு ஒருமுறை வருகிறது.

இதற்கு வருகிற எதிர்வாதங்களில் பலமானது யோவான் 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது கர்த்தர் எருசலேம் ஆலயத்தில் உலாவுகிறார். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் அந்தப் பண்டிகை இல்லை. மக்கபேயர் காலத்தில் ஜனங்கள் ஏற்படுத்தியது. அவர் அதைக் கண்டிக்கவில்லையே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர் அங்கே இருந்தார் என்பது நமக்குக் கட்டளை ஆகாது என்று நான் பதில் சொல்கிறேன். ஆனால் இந்த வசனத்தை வைத்துக்கொண்டு மனசாட்சியோடு கிறிஸ்மஸ் கொண்டாடுகிற விசுவாசியை நான் குறைவாக நினைப்பதில்லை. ரோமர் 14 இரண்டு பேருக்கும் இடம் வைத்திருக்கிறது. நாளை விசேஷித்துக்கொள்கிறவனும் கர்த்தருக்கென்று செய்கிறான், விசேஷித்துக்கொள்ளாதவனும் கர்த்தருக்கென்றே செய்கிறான்.

“இது என்ன புதுசா ஒரு உபதேசம்?” என்று ஊரில் கேட்டார்கள். புதுசு இல்லை. இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் கையில் இருந்த பாராளுமன்றம் 1647இல் கிறிஸ்மஸ் பண்டிகையைச் சட்டம் போட்டே நீக்கியது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் டிசம்பர் 25 பொது விடுமுறை ஆனதே 1958இல்தான். இவ்வளவு தூரம் போவானேன், நாசரேத்துக்குப் பக்கத்திலேயே பிரகாசபுரத்தில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857இல் மிஷனரிகளோடு முரண்பட்டு இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். மேலைநாட்டுச் சபை வழக்கங்களை ஒதுக்கி, சனிக்கிழமை ஓய்வுநாளையும் பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளையும் கைக்கொண்டார். அவர் போன வழி என் வழி இல்லை. ஆனால் எது தேவன் சொன்னது, எது மனுஷன் சேர்த்தது என்ற கேள்வியை எங்கள் மண்ணில் ஒருவர் அத்தனை வருஷத்துக்கு முன்பே தமிழில் கேட்டிருக்கிறார் என்பது எனக்குத் தெம்பு தருகிறது.

பியூரிட்டன்களிடம் கற்றுக்கொள்ள இன்னொன்றும் உண்டு. அந்த 1647 டிசம்பரில் கேன்டர்பரியில் கடைகளைத் திறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதும் கலகம் வெடித்தது. 1660இல் ராஜா திரும்பி வந்தபோது பண்டிகையும் திரும்பி வந்துவிட்டது. வீட்டிலும் கட்டாயம் நிற்காது. எங்களோடு இருக்கிற என் மாமியார் இன்றைக்கும் கிறிஸ்மஸ் ஆசரிக்கிறார்கள். அத்தையின் அறை ஜன்னலில் அவர்களுடைய ஸ்டார் தொங்கும். விடியற்காலை ஆராதனைக்கு என் கணவர்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டு, முடிந்ததும் கூட்டி வருகிறார். “கொள்கையை விட்டுக்கொடுத்துட்டீங்களே” என்று சபையில் ஒரு சகோதரர் கேட்டார். தாயின் மனசாட்சிக்கு மகன் எஜமான் இல்லை என்று என் கணவர் பதில் சொன்னார். அந்தப் பதிலோடு நான் முழுவதும் நிற்கிறேன்.

முடிவை எப்போது சொல்வது என்பது பெரிய விஷயம். டிசம்பரில் சொல்லாதீர்கள். பலகாரத்துக்கு மாவு இடித்த பிறகு சொன்னால் அது சண்டை, அதற்கு முன் சொன்னால் அது பேச்சு. நாங்கள் கோடை விடுமுறையில் ஊருக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னோம். வேறு யார் வாய் வழியாகவும் அம்மாவுக்கு அது போய்ச் சேரக் கூடாது என்பதில் கவனமாக இருந்தோம். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது இதுதான்: “நீ கும்புடுறதும் அதே ஏசப்பாவத்தான? பெறவு எதுக்கு அசலாளு மாதிரி ஒதுங்குத?”

அம்மாவுடைய பயம் உபதேசத்தைப் பற்றியது இல்லை. மகள் இனி வரமாட்டாளோ என்பதுதான். மூத்தவர்களிடம் பேசும்போது வசனத்தை எடுப்பதற்கு முன்னால் இந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள், செயலில் சொல்லுங்கள். அரையாண்டு விடுமுறைக்கு முன்போலவே ஊருக்குப் போகிறோம். அம்மாவுக்குப் புடவை எடுப்பதும் நிற்கவில்லை, மாதம்தான் மாறியது. பண்டிகைச் சமையல் என்றாலும் அம்மா போடுகிற இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சாப்பாட்டில் என் மனசாட்சிக்குத் தடை இல்லை. பிள்ளை பண்டிகையைத்தான் விட்டாள், வீட்டை விடவில்லை என்று அம்மா நம்புவதற்குச் சில வருஷங்கள் ஆயின. உபதேசத்தை இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

சபைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருந்தேன். ஜூன் மாதமே சேகர குருவிடம் நேரில் சொல்லிப் பொறுப்பை ஒப்படைத்தேன். கிறிஸ்மஸ் நாடகத்துக்கு வசனம் கொடுத்த பிறகு பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டுப் போவது எந்தக் கொள்கைக்கும் அழகில்லை. பாக்கி இருந்த சந்தாவையும் கட்டிவிட்டுத்தான் வந்தோம்.

தெருவில் நடந்தது எதிர்பாராதது. பக்கத்து வீட்டு அக்கா மெதுவாகக் கையைப் பிடித்து, “வீட்டுல எதும் துட்டியா டீச்சர்?” என்று கேட்டார்கள். நம் ஊரில் பண்டிகை கொண்டாடாத வீடு என்றால் சாவு விழுந்த வீடு. அவர்கள் தீபாவளிக்கு எங்களுக்குப் பலகாரம் கொடுக்கிறவர்கள், எதிர்வீட்டுப் பாய் ரம்ஜானுக்குப் பிரியாணி அனுப்புகிறவர். நம்மிடமிருந்து திடீரென்று ஒன்றும் வராவிட்டால் அவர்களுக்கு அது வேதக் கொள்கையாகத் தெரியாது, மனஸ்தாபமாகத் தெரியும். நான் இரண்டே வாக்கியத்தில் சொன்னேன்: “துட்டி ஒண்ணும் இல்லக்கா. எங்க வேதத்துல இந்த நாள கொண்டாடச் சொல்லலன்னு புரிஞ்சுது, அதனால விட்டுட்டோம்.” அவர்கள் தலையாட்டிவிட்டு, விரதம் மாதிரி என்று தங்களுக்குத் தெரிந்த கணக்கில் வைத்துக்கொண்டார்கள். முந்திரிக்கொத்தும் அதிரசமும் இப்போது பள்ளி ஆண்டு விடுமுறையில் செய்து கொடுக்கிறேன். கொடுக்கல் வாங்கல் அறுந்துபோக விடாதீர்கள்.

கிறிஸ்தவர்களிடமிருந்து வருகிற கேள்வி வேறு: “யெகோவா சாட்சியா ஆயிட்டீங்களா?” அவர்களும் கிறிஸ்மஸ் கொண்டாடுவதில்லை என்பதால் இது எல்லோருக்கும் தோன்றும். கோபப்படாமல் நேராகப் பதில் சொல்லுங்கள். இயேசு கிறிஸ்து தேவன், பிதாவுக்குச் சமமானவர் என்று நாங்கள் விசுவாசிக்கிறோம், அவர்கள் அப்படி விசுவாசிப்பதில்லை. பிரதரன் சபைகளில் பலவும் தலைமுறைகளாகக் கிறிஸ்மஸ் ஆசரிப்பதில்லை என்பதையும் சொல்லலாம். அடுத்து, “அப்போ ஈஸ்டர்? பிறந்தநாள்?” என்று வரும். எங்களுக்கு ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுதலின் நாள். என் மகளுடைய பிறந்தநாளுக்குப் பாயசம் வைப்பது குடும்ப சந்தோஷம், அது தேவாராதனை இல்லை. இந்த வித்தியாசத்தை உங்களுக்குள் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் மிகவும் பொறுமையாக இருக்கச் சொல்வேன். பள்ளிக்கூட நாடகத்தில் என் மகளுக்குத் தேவதூதன் வேஷம் கொடுத்தார்கள். அனுப்பினோம். தூதன் மேய்ப்பர்களிடம் பேசியது வேதத்தில் இருப்பதுதானே. லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வீட்டில் வருஷம் முழுக்க எந்த மாதத்திலும் வாசிக்கிறோம். புதுத்துணி பள்ளி திறக்கும்போது கிடைக்கிறது. மற்றப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தோம்: “எங்க வீட்ல தினமும் ஏசப்பாவுக்கு நன்றி சொல்லுவோம்.” வளர்ந்த பிறகு அவள் வேறு முடிவு எடுக்கலாம். எடுத்தாலும் அவள் எங்கள் மகள்.

கேரல் ரவுண்ட்ஸ் வரும்போது விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னும் சிலர் வாசலில் நின்று தர்க்கம் பண்ணுவார்கள். குளிரில் பாடிக்கொண்டு வருகிற வாலிபர்களிடம் காட்டவேண்டிய விசுவாசம் அது இல்லை. நாங்கள் கதவைத் திறக்கிறோம், சுக்குக் காப்பி கொடுக்கிறோம். கிறிஸ்மஸை விட்டவர்களுக்குள் சீக்கிரம் வருகிற நோய், விடாதவர்களை அஞ்ஞானிகளைப் போலப் பார்ப்பது. எங்கள் சபையில் நர்ஸாக வேலை பார்க்கிற ஒரு சகோதரி டிசம்பர் 24 ராத்திரி டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். கூட வேலை செய்கிற கிறிஸ்தவப் பெண்கள் ஆராதனைக்குப் போகட்டும் என்று. அவர் ஏன் கொண்டாடுவதில்லை என்று வார்டில் யாரும் சண்டைக்கு வந்ததில்லை. சிலர் உட்கார்ந்து காரணம் கேட்டிருக்கிறார்கள்.

கணவன் மனைவி இரண்டு பேருக்கும் ஒரே மனசு இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். காத்திருங்கள் என்பதுதான் என் பதில். எங்களில் என் கணவர் முதலில் புரிந்துகொண்டார், எனக்கு நாள் பிடித்தது. அதுவரை அவர் வேதத்தைத் திறந்து வைத்து என்னோடு வாசித்தாரே தவிர, ஒரு வருஷம்கூட அடுப்படியில் வந்து “இதைச் செய்யாதே” என்று சொன்னதில்லை. நீங்கள் முதலில் புரிந்துகொண்டவராக இருந்தால், உங்கள் துணைக்கும் அந்த அவகாசத்தைக் கொடுங்கள். இடையில் வருகிற கிறிஸ்மஸ்களில் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கு முகம் கோணாமல் பரிமாறுங்கள்.