நீராவிக்கு முன் நீர்ச் சோதனை

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து திருச்சிக்குப் பேருந்தில் வரும் என் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி கணினி ஆய்வக வாசலில் நின்றிருந்தாள். "மிஸ், லைப்ரரி லிஸ்ட்ல ஒண்ணுமே இல்ல" என்றாள்.

விடுமுறையில் எங்கள் பள்ளி நூலகத்தின் புத்தகப் பட்டியலை, ஏறத்தாழ அறுநூறு தலைப்புகளை, அவள் ஒருத்தியே தட்டச்சு செய்து மேகச் சேமிப்பில் ஏற்றியிருந்தாள். புத்தகம் கொடுப்பதையும் திரும்பப் பெறுவதையும் பதிவு செய்யும் சிறு செயலியை மாணவர் குழு பைத்தானில் எழுதிக்கொண்டிருந்தது. அதைச் சோதிக்கும் நிரலை இன்னொரு மாணவன் எழுதினான். சோதனை முடிந்ததும் சோதனைத் தரவை அழித்துவிடு என்பது அதன் கடைசிக் கட்டளை. அவன் எழுதியதில் பிழை இல்லை. சோதனைக்கும் உண்மைப் பட்டியலுக்கும் ஒரே சேமிப்பிடத்தைக் கொடுத்திருந்தவள் நான்தான். நகலும் எடுத்து வைக்கவில்லை.

அவள் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாரம் விசைப்பலகையைத் தொடவில்லை. அந்த மாணவனோ அதற்குப் பிறகு எதையும் இயக்கிப் பார்க்கவே பயந்தான். தொடக்க வகுப்பில் குழந்தையின் கையில் முதலில் சிலேட்டைக் கொடுக்கிறோம். எழுதலாம், அழிக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. நான் சிலேட்டே கொடுக்காமல் நேராகச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

அதன் பிறகு நான் தேடிக் கற்றுக்கொண்ட ஒரு முறையை இங்கே பகிர்கிறேன். கணினி ஆசிரியர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்ற பாட ஆசிரியர்களும் இதன் கருத்தை எடுத்துக்கொள்ளலாம்.

மேகமும் அதன் சிலேட்டும்

மேகக் கணிமை என்றாலும் அது வானத்தில் இல்லை. வேறொரு ஊரில், வேறொருவருக்குச் சொந்தமான கணினிகளை இணையம் வழியாக வாடகைக்குப் பயன்படுத்துவதே அது. அமேசான் வெப் சர்வீசஸ் 2016இல் மும்பையிலும் 2022இல் ஹைதராபாத்திலும் தன் தரவு மையத் தொகுதிகளைத் தொடங்கியது. நம் மாணவர் சேமிக்கும் கோப்பு அப்படி ஏதோ ஒரு கட்டடத்தில் உள்ள வட்டில்தான் உட்கார்கிறது. பயன்படுத்தும் அளவுக்குக் கட்டணம். அழித்தால் அழித்ததுதான்.

இந்தச் சேவைகளைப் போலவே நம் கணினிக்குள்ளேயே நடந்துகொள்ளும் மென்பொருளை எமுலேட்டர் என்கிறார்கள். 'இந்தக் கோப்பை வைத்துக்கொள்' என்றால் வைத்துக்கொண்டதாகப் பதில் தரும். திரும்பக் கேட்டால் கொடுக்கும். நம் நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் எதுவும் வெளியே போவதில்லை, கட்டணமும் இல்லை.

இவற்றில் பரவலாக அறியப்பட்டது லோக்கல்ஸ்டாக். 2017இல் அட்லாசியன் நிறுவனத்திலிருந்து திறந்த மூல மென்பொருளாக வெளிவந்து, பின்னர் தனி நிறுவனமாக வளர்ந்தது. அதை டாக்கர் என்னும் கொள்கலன் மென்பொருளின் மேல் இயக்க வேண்டும். எங்கள் ஆய்வகக் கணினிகளுக்கு அது சுமை. எனவே மோட்டோ என்ற பைத்தான் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிப்பதால் மாணவர்களுக்கு அது அந்நியமாக இல்லை. பைத்தானிலிருந்து அமேசான் சேவைகளை அழைக்க உதவும் தொகுப்பின் பெயர் போட்டோ. அமேசான் ஆற்றில் வாழும் நன்னீர் ஓங்கிலின் பெயர் அது. இதைச் சொன்னால் வகுப்பு உடனே நிமிர்ந்து உட்காரும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தேர்வு

எமுலேட்டர் இருந்தால் மட்டும் போதாது. சோதனையை இயக்க மாணவர் மறந்துவிட்டால்? அதற்குத்தான் பைப்லைன். 'தொடர் ஒருங்கிணைப்பு' என்று இதைச் சொல்லலாம். நிரலில் ஒரு வரியை மாற்றி, கிட்ஹப் போன்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றியவுடன், அங்கே ஒரு தற்காலிகக் கணினி எழும். நாம் முன்பே எழுதிவைத்த படிகளை வரிசையாகச் செய்யும். எல்லாச் சோதனைகளிலும் தேறினால் பச்சைக் குறி, ஒன்றில் தோற்றாலும் சிவப்புக் குறி. வேலை முடிந்ததும் அந்தக் கணினி மறைந்துவிடும்.

எமுலேட்டரை அந்தத் தற்காலிகக் கணினிக்குள்ளேயே இயக்குவதுதான் இம்முறையின் சாரம். பள்ளியிலிருந்து போவது சில கிலோபைட் எழுத்து மட்டுமே. பெரிய பதிவிறக்கங்களெல்லாம் அங்கே நடக்கின்றன. இணைய வேகம் குறைந்த பள்ளிக்கு இது பெரிய உதவி. கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கக்கூடிய களஞ்சியங்களுக்கு இந்த வசதி இலவசம். தனிக் களஞ்சியம் என்றால் இலவசக் கணக்குக்கு மாதம் 2,000 நிமிடங்கள். 13 வயது நிறைந்தவர்கள் கணக்குத் தொடங்கலாம். பொதுக் களஞ்சியத்தில் மாணவர் பெயர், தொலைபேசி எண், எமிஸ் எண் எதுவும் இடம்பெறக் கூடாது என்பதை முதல் பாடமாகவே வைத்தேன்.

நாங்கள் பின்பற்றும் ஐந்து விதிகள்

1. முகவரியை நிரலுக்குள் எழுதுவதில்லை. உண்மை மேகத்தின் முகவரியா, எமுலேட்டரின் முகவரியா என்பதை வெளியிலிருந்து ஒரு மாறியாகக் கொடுக்கிறோம். மோட்டோ சேவையகம் வழக்கமாக 5000 என்ற போர்ட்டிலும், லோக்கல்ஸ்டாக் 4566 என்ற போர்ட்டிலும் பதிலளிக்கும்.

2. பைப்லைனில் பொய்ச் சாவி மட்டுமே. மேகச் சேவைக்குள் நுழையச் சாவிச் சொற்கள் வேண்டும். எமுலேட்டர் எந்தச் சொல்லையும் ஏற்கும் என்பதால் 'டெஸ்ட்' என்றே கொடுக்கிறோம். யாராவது முகவரியை மாற்ற மறந்து, சோதனை உண்மை மேகத்தின் கதவைத் தட்டினாலும், பொய்ச் சாவியால் கதவு திறக்காது. சிவப்புக் குறி வரும், தரவு பிழைக்கும். அன்று இந்த ஒரு விதி இருந்திருந்தால் அறுநூறு தலைப்புகளும் இருந்திருக்கும்.

3. எமுலேட்டர் எழும்வரை காத்திருப்பது. முதல் சில நாள்கள் எந்த மாற்றமும் இல்லாமலே எங்கள் பைப்லைன் பச்சை, சிவப்பு என்று மாறி மாறிக் காட்டியது. சேவையகம் தயாராகும் முன்பே சோதனை தொடங்கியதுதான் காரணம். இப்போது நொடிக்கு ஒரு முறை 'தயாரா' என்று கேட்டு, பதில் வந்த பிறகே சோதனைக்குப் போகிறோம். 30 நொடியில் பதில் இல்லையென்றால் நிறுத்திவிடுகிறோம்.

4. ஒவ்வொரு சோதனையும் வெறுமையிலிருந்து தொடங்கும். தற்காலிகக் கணினியில் நேற்றைய தரவு இருக்காது. சோதனைக்கு மூன்று புத்தகங்கள் வேண்டுமென்றால் சோதனையே அவற்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

5. பதிப்பு எண்ணைக் குறிப்பிடுவது. 'புதியது எதுவோ அது' என்று எழுதினால், ஒருநாள் புதிய பதிப்பு வந்து, நாம் தொடாத நிரல் உடைந்துபோகும். இத்தகைய மென்பொருள்களின் உரிம நிபந்தனைகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். தொடங்கும் முன் படித்துவிடுங்கள்.

இந்தப் படிகளை எழுதும் கோப்பின் வடிவம் யாம்ல். அதில் வரி தொடங்கும் இடைவெளி முக்கியம். பைத்தானில் இடைவெளி விட்டுப் பழகிய மாணவர்கள் என்னைவிட வேகமாகப் பிழை கண்டார்கள்.

பச்சை வந்தும் தோற்ற நாள்

பைப்லைனில் பச்சை. மாணவர்கள் கைதட்ட, செயலியை உண்மை மேகத்தில் இயக்கினோம். புத்தகத்தைப் பதிவு செய்ய அனுமதி இல்லை என்று பிழைச் செய்தி வந்தது. "பச்சைன்னா சரின்னு சொன்னீங்களே மிஸ்?" என்றான் பழைய சோதனையை எழுதிய அதே மாணவன்.

செயலிக்கு நான் கொடுத்திருந்த சாவிக்குப் படிக்கும் உரிமை மட்டுமே இருந்தது, எழுதும் உரிமை இல்லை. மோட்டோ இயல்பான அமைப்பில் இந்த உரிமைகளைச் சரிபார்ப்பதில்லை. அதனால் அங்கே தேறியது, இங்கே தோற்றது. இதை எப்படி விளக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவள் அப்பா திருவெறும்பூர்ப் பக்கம் வெல்டராக வேலை பார்ப்பவர். "இது ஹைட்ரோ டெஸ்ட் மாதிரிதானே மிஸ்?" என்றாள்.

திருவெறும்பூரில் 1965 முதல் பெல் நிறுவனம் அனல் மின் நிலையங்களுக்கான கொதிகலன்களைத் தயாரித்து வருகிறது. திருச்சிப் பிள்ளைகளுக்குக் கொதிகலன் வீட்டுப் பேச்சு. வெல்டிங் முடிந்த கொதிகலனில் எடுத்தவுடன் நீராவியை ஏற்றுவதில்லை. தண்ணீரை நிரப்பி, வடிவமைப்பு அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்க்கிறார்கள். நீரை அழுத்திச் சுருக்குவது கடினம். அதனால் அதில் சேரும் ஆற்றல் குறைவு. பற்றவைப்பில் ஓட்டை இருந்தால் நீர் கசியும், அழுத்தம் இறங்கும், அவ்வளவுதான். அதே அழுத்தத்தில் நீராவி இருந்தால் வெடிக்கும், ஆளைக் கொல்லும்.

"ஆனா தண்ணி சூடா இருக்காதே" என்று அவளே தொடர்ந்தாள். அதுதான் விடை. நீர்ச் சோதனை கசிவைக் காட்டும், வெப்பத்தில் குழாய் விரிவதைக் காட்டாது. அதற்கு நீராவி ஏற்றித்தான் பார்க்க வேண்டும். எமுலேட்டரும் நிரலின் கசிவைக் காட்டும். உரிமை, இணையத் தாமதம், ஒரே நேரத்தில் நூறு பேர் பயன்படுத்தும் சுமை, மாதக் கட்டணம் ஆகியவற்றைக் காட்டாது. ஆகவே இப்போது பச்சை வந்த பிறகு, உண்மை மேகத்திலேயே தனிப் பெயரில் வைத்திருக்கும் ஒரு வெற்றுச் சேமிப்பிடத்தில், என் முன்னிலையில் ஒரு முறை இயக்கிப் பார்க்கிறோம். அதன் பிறகே உண்மைப் பட்டியல். அந்தச் சேமிப்பிடத்திலும் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியை இயக்கியிருக்கிறோம். தவறி அழித்தால் மீட்கலாம்.

மற்ற வகுப்புகளுக்கு

எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அமிலத்தை நீர்க்கச் செய்யும் செய்முறைக்கு முன்பு, வெறும் தண்ணீரை வைத்து அதே படிகளை ஒரு முறை செய்யவைக்கலாம் என்றார். கூடவே, "தண்ணி சூடேறாது, தெறிக்காது. எது மாறும்னு முதல்லயே பிள்ளைங்ககிட்ட கேட்டுடணும்" என்றார். எந்தப் பாடத்திலும் ஒத்திகைக்கு முன் மாணவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது எதைக் காட்டும், எதைக் காட்டாது?

பட்டியலை மீண்டும் தட்டச்சு செய்தோம். இம்முறை ஆறு பேர், நானும் ஒருத்தி. அந்த மாணவி முதலில் எழுதிய சோதனை, உண்மைச் சேமிப்பிடத்தின் பெயர் சோதனை நிரலில் எங்காவது இருந்தால் உடனே சிவப்புக் காட்டும் சோதனை. எழுதி மூன்றாம் வாரமே அது ஒருவரைப் பிடித்தது. பிடிபட்டவள் நான். மாணவர்கள் சிரித்தார்கள். யாருடைய வேலையும் அழியாததால் நானும் சேர்ந்து சிரித்தேன்.